குடல் சுவரில் நடக்கும் வடிகட்டல்: பழச்சாறும் மலேரியா மருந்துகளும்

விழுங்கிய மாத்திரையில் உள்ள மருந்து முழுவதும் இரத்தத்தில் போய்ச் சேர்ந்துவிடுவதில்லை. சிறுகுடலின் உட்சுவரில் உள்ள செல்களில் சிஒய்பி3ஏ4 என்றொரு நொதி இருக்கிறது. உணவோடு வரும் அன்னியப் பொருள்களைச் சிதைப்பது அதன் வேலை. அதற்கு மருந்தும் ஓர் அன்னியப் பொருள்தான் என்பதால், சில மருந்துகளில் கணிசமான பகுதி கல்லீரலை எட்டும் முன்பே இங்கு அழிந்துபோகிறது. மருந்து தயாரிப்பவர்கள் இந்த இழப்பையும் கணக்கில் வைத்தே அளவை நிர்ணயிக்கிறார்கள். அந்தக் கணக்கைக் குலைக்கக்கூடியதாகப் பழங்களில் பேர்போனது கிரேப்ஃப்ரூட் என்னும் எலுமிச்சை இனப் பழம்.

கனடாவைச் சேர்ந்த டேவிட் பெய்லி குழுவினர் இதைத் தற்செயலாகவே கண்டுபிடித்தார்கள். ஃபெலோடிபின் என்ற இரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்காக, மதுவின் சுவையை மறைக்கக் கிரேப்ஃப்ரூட் சாற்றைக் கலந்து கொடுத்தபோது, இரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பாராத உயரத்துக்குப் போனது. காரணம் மதுவன்று, சாறுதான் என்பது தெளிவாகி, 1991-இல் செய்தி வெளியானது. சாற்றில் உள்ள ஃபுரானோகூமரின்கள் என்னும் வேதிப்பொருள்களை அந்த நொதி வழக்கம்போலச் சிதைக்கப் போகிறது. சிதைவில் பிறக்கும் துணுக்கு நொதியின் மேலேயே ஒட்டிக்கொண்டு அதை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. செல் புதிய நொதியை உருவாக்க ஒன்று முதல் மூன்று நாள்கள் ஆகும். ஆகவே காலையில் சாறு, இரவில் மாத்திரை என்று பிரித்துக்கொண்டாலும் பெரிதாகப் பயனில்லை.

மலேரியா மருந்துகளில் இதன் விளைவு ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆர்ட்டிமீத்தரை ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குக் கிரேப்ஃப்ரூட் சாற்றோடு கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 1999-இல் வெளிவந்தது. இரத்தத்தில் மருந்தின் உச்ச அளவு ஏறத்தாழ இருமடங்கானது. உடலை விட்டு அது வெளியேறும் வேகமோ மாறவில்லை. கல்லீரல் தன் வேலையை வழக்கம்போலச் செய்துகொண்டிருக்க, தடை குடல் சுவரில் மட்டுமே நிகழ்ந்திருக்கிறது என்று இதிலிருந்து ஊகிக்கலாம். எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம் இதுதான்; குடலைத் திறந்து பார்க்காமலே, இரத்தத்தில் எடுத்த அளவுகளைக் கொண்டே இடத்தைக் குறித்துவிட்டார்கள். ஹாலோஃபான்ட்ரினில் விளைவு இன்னும் கடுமை. அதன் அளவு மூன்று மடங்கை ஒட்டி உயர்ந்தது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் மின்னியக்கத்தில் மீண்டு வர ஆகும் நேரத்தை நீட்டித் துடிப்பைத் தாறுமாறாக்கக்கூடிய மருந்து என்பதால், அந்த உயர்வு ஆபத்தானது. குவினைனிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. விழுங்கிய குவினைனில் பெரும்பகுதி எப்படியும் இரத்தத்துக்குள் போய்விடுவதால், குடல் நொதியை முடக்கினாலும் கூடுதலாக உள்ளே போவதற்கு அதிகம் மிச்சமில்லை.

நேர்எதிரான கதை சூடானிலிருந்து வருகிறது. குளோரோகுவினின் கசப்பு நாக்கை விட்டுச் சீக்கிரம் போகாது. புளிப்பும் இனிப்புமாக எதையாவது குடித்து அதை விழுங்குவது இயல்பு. அங்கே அரதைப் என்று அழைக்கப்படும் புளிப் பானம், கர்கதே என்னும் புளிச்சை வகைப் பூவின் பானம், எலுமிச்சை இனப் பழம் ஒன்றின் சாறு ஆகிய மூன்றையும் சோதித்த ஆய்வு 1994-இல் வெளியானது. மூன்றுமே குளோரோகுவின் உட்கிரகிக்கப்படும் அளவைக் கணிசமாகக் குறைத்தன. குளோரோகுவின் ஒரு காரப்பொருள். அமிலச் சூழலில் அதன் மூலக்கூறு மின்னேற்றம் பெறுகிறது, மின்னேற்றம் பெற்ற மூலக்கூறு செல்களின் கொழுப்புச் சவ்வை எளிதில் கடக்காது என்பது இதற்குச் சொல்லத்தக்க விளக்கம். அரபு மொழியில் ‘தமர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை, என்று பெயர் பெற்ற அதே புளிதான் நம் சமையலறைச் சாடியில் இருப்பதும். வைவாக்ஸ் வகை மலேரியாவுக்கு இந்தியாவில் இன்றும் குளோரோகுவின் மூன்று நாள்கள் கொடுக்கப்படுகிறது என்பதால், அந்த மாத்திரையைப் பானகத்தோடோ எலுமிச்சைச் சாற்றோடோ விழுங்காமல் வெறும் தண்ணீரோடு விழுங்குவதே சரி.

ஆர்ட்டிமீத்தரோடு ஒரே மாத்திரையில் சேர்த்துத் தரப்படும் லூமிஃபான்ட்ரினில் பழச்சாறு வேறொரு வகையில் குறுக்கிடுகிறது. லூமிஃபான்ட்ரின் கொழுப்பில் கரையும் மருந்து. வெறும் வயிற்றோடு ஒப்பிட்டால், கொழுப்பு மிகுந்த உணவோடு அது பதினாறு மடங்கு வரை கூடுதலாக உள்ளே போகிறது. காய்ச்சலில் படுத்தவருக்குப் பழச்சாற்றை மட்டும் கொடுத்து மாத்திரையைப் போடச் சொல்வது நம் வீடுகளில் சகஜம். சாற்றில் கொழுப்பே இல்லாததால், லூமிஃபான்ட்ரினைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய வெறும் வயிறுதான். மூன்று நாளில் விழுங்க வேண்டிய ஆறு வேளை மருந்தும் இப்படிப் போனால், கிருமியை முழுதாகத் தீர்க்கும் அளவு இரத்தத்தில் சேராமல் போகலாம். நல்லவேளையாக இதற்கு விருந்துச் சாப்பாடு தேவையில்லை. 36 மில்லிலிட்டர் சோயாப் பால், அதில் உள்ள 1.2 கிராம் கொழுப்பு, பெறக்கூடிய பயனில் தொண்ணூறு சதவீதத்துக்குப் போதுமென்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

கிரேப்ஃப்ரூட் நம் சந்தைகளில் அரிது. அதன் தாய்வழியான பம்பளிமாஸ் அப்படியல்ல. சாத்துக்குடி அளவுக்கு இல்லையென்றாலும் வீட்டுத் தோட்டங்களிலும் பழக்கடைகளிலும் அதைப் பார்க்கலாம். அதிலும் ஃபுரானோகூமரின்கள் உண்டு. ஆர்ட்டிமீத்தர் எடுக்கும் மூன்று நாளும் அதைத் தள்ளிவைப்பது நல்லது.