ஆள்மாறாட்டம்: மாறுவது முகமா, ஆளா?

காணொளிக் கூட்டத்தில் இன்னொருவர் பெயரில் நுழைந்து பேசுவதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று தடுமாறுகிறவர்கள் நிறைய. சிலர் 'இம்பர்சனேஷன்' என்றே எழுதிவிடுகிறார்கள், சிலர் 'போலி நபர்' என்கிறார்கள். இதற்காகப் புதுச்சொல் எதுவும் கட்ட வேண்டாம். தேர்வறையிலும் வாக்குச்சாவடியிலும் காலங்காலமாகப் புழங்கும் ஆள்மாறாட்டமே போதும்.

சொல்லைப் பிரித்தால் ஆள் + மாறாட்டம். 'மாறு' என்பதோடு 'ஆடு' சேர்ந்து மாறாடு, அதிலிருந்து மாறாட்டம். போராட்டம், தள்ளாட்டம், திண்டாட்டம் எல்லாம் இதே வார்ப்புதான். 'புத்தி மாறாட்டம்' என்று சொல்கிறோமே, அதில் இந்தச் சொல்லுக்குக் குழப்பம் என்ற பொருளும் இருப்பது தெரியும். ஆள் மாறுவது, அதனால் எதிரில் இருப்பவர் குழம்புவது, இரண்டும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகின்றன.

ஆங்கிலச் சொல்லின் அடியில் இருப்பது 'பெர்சோனா' என்ற லத்தீன் சொல். மேடை நடிகர்கள் அணிந்த முகமூடிக்கு அந்தப் பெயர். அது முகமூடியிலிருந்து தொடங்குகிறது, நம் சொல் உள்ளே இருக்கும் ஆளிலிருந்து தொடங்குகிறது. எனக்கு இந்த வேறுபாடு முக்கியமாகப் படுகிறது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் 'போலி'. இலக்கணத்தில் போலி என்றால் ஓர் எழுத்தின் இடத்தில் வேறோர் எழுத்து வந்தும் பொருள் மாறாமல் இருப்பது. அறம் அறன் ஆனாலும் அறம்தான். ஆள்மாறாட்டம் இதற்கு நேர் எதிர்: பெயரும் படமும் அப்படியே இருக்கும், ஆள் மட்டும் வேறு. போலிக் கணக்கு, போலிப் படம் என்று பொருள்களுக்குச் சொல்லலாம், செயலுக்கு ஆள்மாறாட்டம்தான் சரி. அதே போல மேடையில் பிறர் குரலில் பேசிச் சிரிக்க வைப்பதை ஆங்கிலத்தில் இதே சொல்லால் குறிப்பார்கள், தமிழில் அது பலகுரல். அதில் ஏமாற்று இல்லை, அந்தக் கலைஞர்களை ஆள்மாறாட்டக்காரர் என்று எழுதினால் அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

சரி, கூட்டத்துக்கு வருவோம். நான் நடத்திய ஒரு கூட்டத்தில் எங்கள் குழுத்தலைவரின் பெயரும் படமும் கட்டத்தில் தெரிந்தன, கேமரா அணைந்திருந்தது, அரட்டைப் பெட்டியில் 'அந்தக் கோப்பை எனக்கு உடனே அனுப்புங்கள்' என்று வந்தது. அனுப்பப் போன நேரத்தில் பங்கேற்பாளர் பட்டியலில் அதே பெயர் இரண்டாவது முறையும் வந்து நின்றது. அந்த இரண்டாமவர்தான் உண்மையானவர். காட்சிப்பெயரை எவரும் தட்டச்சு செய்துகொள்ளலாம் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

இப்போது முகமும் குரலும்கூட அந்த நிலைக்கு வந்துவிட்டன, கணினியில் அவற்றையும் போலியாக உருவாக்கிவிடுகிறார்கள். 2017-இல் புழக்கத்துக்கு வந்த 'டீப்ஃபேக்' என்ற பெயர் ஆழ்கற்றல் ('டீப் லேர்னிங்') என்ற கணினி நுட்பத்தையும் போலியையும் ஒட்டவைத்தது, தமிழில் ஆழ்போலி என்கிறோம். 2024 தொடக்கத்தில் வெளியான ஹாங்காங் மோசடியில், ஆரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் முதலில் வந்த மின்னஞ்சலைச் சந்தேகித்திருக்கிறார், ஆனால் காணொளியில் நிதித் தலைவரையும் தெரிந்த முகங்களையும் பார்த்ததும் சந்தேகம் போய்விட்டது. அந்தக் கூட்டத்தில் அவரைத் தவிர எல்லாருமே ஆழ்போலி. சுமார் 20 கோடி ஹாங்காங் டாலர், 15 தவணைகளில் போனது.

அவர் முகத்தைச் சரிபார்த்தார், முகம் சரியாகவே இருந்தது. நாம் சரிபார்க்க வேண்டியது ஆளை. பக்கவாட்டில் திரும்பச் சொல்வது, முகத்துக்கு முன் கையை ஆட்டச் சொல்வது எல்லாம் மட்டமான ஆழ்போலிக்குத்தான் உதவும், அதை மட்டும் நம்பாதீர்கள். பணம், கடவுச்சொல், கோப்பு என்று பேச்சு வந்தால் கூட்டத்தை விட்டு வெளியே வந்து, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் அவரைக் கூப்பிடுங்கள், கூட்டத்தில் தரப்படும் எண்ணில் கூப்பிடாதீர்கள். அல்லது முந்தின வாரம் நீங்கள் இருவர் மட்டும் பேசிய ஏதாவது ஒன்றைக் கேளுங்கள். 'பெரியவரிடம் எப்படிக் கேட்பது' என்ற தயக்கம்தான் மோசடிக்காரரின் பெரிய பலம், அதனால் பெரியவர்களே முன்கூட்டி 'என்னையும் கேளுங்கள்' என்று சொல்லிவைப்பது நல்லது.

கூட்டம் நடத்துபவர் காத்திருப்பு அறையைப் போட்டுவைத்து ஒவ்வொருவராக உள்ளே விடலாம், ஜூம் போன்றவற்றில் பெயர் மாற்றும் வசதியையும் அணைக்கலாம். சந்தேகம் உறுதியானால் முதலில் திரையைப் படம் பிடியுங்கள், அப்புறம் வெளியேற்றுங்கள், பிறகு யாருடைய பெயரில் வந்தாரோ அவருக்குத் தெரிவியுங்கள். அந்தத் தகவலை எழுதும்போது 'குழுத்தலைவர் கூட்டத்துக்கு வந்து கோப்பு கேட்டார்' என்று எழுதாமல், 'குழுத்தலைவர் பெயரில் ஒருவர் ஆள்மாறாட்டம் செய்து கோப்பு கேட்டார்' என்று எழுதுங்கள்.