அச்சில் இருந்தது சாயம் இல்லை

புதுப் பருத்திச் சேலையை முதல் தடவை நனைத்ததும் வாளித் தண்ணீர் சிவந்துவிட்டதாம். அருங்காட்சியகத்துச் சீட்டித்துணி (பூவேலை அச்சிட்ட பருத்தித்துணி) மட்டும் 250 வருஷமாக எப்படி வெளுக்காமல் இருக்கிறது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். சேலை விஷயம் எளிது: இழையோடு பிணையாமல் மிஞ்சி நிற்கும் சாயம்தான் வாளிக்கு வருகிறது. சீட்டிக்குப் பிரான்ஸ் வரை போக வேண்டும்.

வெர்சாய் அரண்மனைக்கு அருகே, பியெவ்ர் என்ற சிற்றாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது ஜூயி என்ற ஊர். இந்தியச் சீட்டிமேல் பிரெஞ்சுக்காரர்களுக்கு இருந்த மோகத்தைப் பார்த்து மிரண்ட அரசு, 1686-இல் அதற்குத் தடையே போட்டது. 1759-இல் தடை நீங்கியது. மறு வருஷமே, 22 வயதுகூட நிரம்பாத ஓபர்காம்ப் என்ற ஜெர்மானியர் ஜூயியில் அச்சுப்பட்டறை தொடங்கினார். அலச ஆறு, வெயிலில் விரித்து வெளுக்கப் புல்வெளி. வேறென்ன வேண்டும்?

இனிதான் எனக்குப் பிடித்த கட்டம். அச்சுக்கட்டையால் பதித்தது சாயமே இல்லை! மஞ்சிட்டி இன வேரில் உள்ள அலிசரின் என்ற சாயப்பொருள் பருத்தியோடு தானாக ஒட்டாது. ஓர் உலோகம் நடுவில் நின்று இரண்டையும் பிடித்துக்கொள்ள வேண்டும். பாடப்புத்தகத்தில் நிறமூன்றி என்று படித்திருப்பீர்கள். படிகாரத்திலிருந்து செய்த அலுமினிய உப்பைப் பசையாக்கிப் பதிப்பார்கள். அது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்பதால், கழுவினால் போய்விடும் ஏதோ ஒரு நிறத்தைக் கொஞ்சம் கலந்துகொள்வார்கள். அப்புறம் முழுத் துணியையும் வேர் கொதிக்கும் தொட்டியில் அமுக்கினால், அலுமினியம் பட்ட இடம் சிவப்பு. அதையே நீர்க்கப் பதித்த இடம் இளஞ்சிவப்பு. இரும்பு உப்பு பட்டது கறுப்பு, நீர்த்த இரும்பு ஊதா, இரண்டும் கலந்தது பழுப்பு. ஒரே தொட்டியில் ஐந்து நிறம்! உலோகமும் அலிசரினும் சேர்ந்தது தண்ணீரில் கரையாது. அதனால்தான் சாயம் போவதில்லை.

தொட்டிக்கு முன்னால் துணியை மாட்டுச்சாணம் கரைத்த வெந்நீரில் முக்குவார்கள். இழையில் பிடிக்காத உப்பு பரவி வெள்ளைப் பகுதியைக் கறையாக்காமல் இருக்க, சாணத்தின் பாஸ்பேட் அதைப் பிடித்துக்கொள்ளும். 19-ஆம் நூற்றாண்டில் சாணத்துக்குப் பதில் பாஸ்பேட் உப்பையே போட்டார்கள், வேலை நடந்தது. சாணத்தில் தெய்வசக்தி என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இந்த வித்தை சோழமண்டலக் கரையில் அதற்கும் வெகு முன்பே உண்டு. இங்கே வேர் இம்பூறல், அதிலும் அலிசரின்தான். கடுக்காயும் சேரும். கேர்டூ என்ற ஏசுசபைப் பாதிரியார் 1742-இல் செய்முறையைப் படிப்படியாக எழுதிப் பிரான்சுக்கு அனுப்பினார். அதைச் செய்துகாட்டிய நம் ஊர்ச் சாயக்காரர்களை வேதியியலாளர் என்று சொல்ல நமக்கு இன்னமும் கூச்சம்.

ஜூயி பட்டறை 1843-இல் மூடப்பட்டது. பழைய சீட்டியை எங்காவது பார்த்தால் கறுப்புக் கோடுகளைக் கிட்டத்தில் பாருங்கள். சிவப்புப் பூ அப்படியே இருக்கும். கோடு ஓடிய இடங்களில் இரும்பு நூலை அரித்து, துணி பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கும்.