எவர்சில்வரில் சில்வர் எங்கே?

வேலூரில் பாத்திரக்கடைக்குப் போய் "வெள்ளித் தட்டு காட்டுங்க" என்று கேட்டால் நகைக்கடைக்குப் போகச் சொல்வார்கள். "சில்வர் தட்டு காட்டுங்க" என்றால் அடுக்கிலிருந்து பத்துத் தட்டை உருவி முன்னால் போடுவார்கள். வெள்ளிக்கு ஆங்கிலம்தான் சில்வர். ஆனால் நம் காதுக்கு இரண்டும் வேறு வேறு உலோகம்.

அக்கா மகளின் சீர்வரிசைக்குக் குடம் எடுக்கப் போன இடத்தில், எட்டாம் வகுப்பு படிக்கும் அவள் தம்பி கடைக்காரர் எதிரிலேயே கேட்டுவிட்டான்: "மாமா, இதுல சில்வரே இல்லையாமே. அப்புறம் ஏன் சில்வர்னு சொல்றோம்?" நான் வாயைத் திறக்கும் முன் கடைக்காரர் முந்திக்கொண்டார். "ஏன் தம்பி, முட்டைகோசுல முட்டையா இருக்குது?"

கடைக்குப் பொருத்தமான பதில்தான். ஆனால் பையன் கேட்டது நியாயமான கேள்வி. எவர் என்றால் என்றும், சில்வர் என்றால் வெள்ளி. என்றும் வெள்ளியாக இருப்பது. சொற்கள் இரண்டும் ஆங்கிலம். சேர்த்து வைத்துப் புழங்குவது நம் பக்கம். ஆங்கிலேயர் இதை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றுதான் சொல்வார்கள்.

இப்படி ஒரு பெயர் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் அதற்கு முன் அடுப்படியில் இருந்த பாத்திரங்கள். எங்கள் ஆயா வீட்டில் எல்லாம் பித்தளை. புளி போட்டுத் தேய்த்தால் பொன்னாக மின்னும், நாலு நாளில் மங்கும். உள்ளே ஈயம் தேய்ந்துபோனால் புளிக்குழம்பு களிம்பேறிவிடும், பூசுகிறவர் தெருவுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். (அந்த ஈயம் வெள்ளீயம். ஈயக்குண்டில் இருப்பது காரீயம், உடம்புக்கு ஆகாதது. போதாததற்கு அலுமினியச் சட்டியையும் ஈயச் சட்டி என்று சொல்லும் வீடுகள் உண்டு. மூன்று உலோகத்துக்கு ஒரே பேர்.) அசல் வெள்ளி மட்டும் என்ன, காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் பட்டுப் பட்டுக் கறுக்கத்தான் செய்கிறது. இந்த நிலையில் கறுக்காத, களிம்பேறாத, ஈயம் கேட்காத ஒன்று வந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்?

சரி, உள்ளே என்னதான் இருக்கிறது? பெரும்பங்கு இரும்பு. அதோடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம். நல்ல பாத்திரத் தகட்டில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் என்ற அளவில் இருக்கும். வெள்ளி ஒரு குன்றிமணி கூடக் கிடையாது.

பிறகு அந்த வெள்ளி மினுக்கு? அது வெள்ளியின் சொந்தச் சொத்து இல்லை, உலோகங்களின் பொதுச் சொத்து. உலோகத்தில் ஒவ்வோர் அணுவும் தன் வெளிப்புற எலக்ட்ரான்களைப் பொதுவில் விட்டுவிடுகிறது. நேர்மின் அயனிகள் வரிசையாக நிற்க, எலக்ட்ரான்கள் நடுவில் எங்கும் திரிகின்றன. இதற்குப் பெயர் உலோகப் பிணைப்பு. விழும் ஒளியைத் திருப்பி அனுப்புவது இந்தத் திரியும் எலக்ட்ரான்கள்தான். சுத்தியலால் அடித்தால் ஓர் அடுக்கு இன்னொன்றின் மேல் வழுக்கும், பிணைப்பு அறுவதில்லை, அதனால் தகடாகிறது. அலோகமான அடுப்புக்கரியை அதே சுத்தியலால் தட்டிப் பாருங்கள், தூள்தான் மிஞ்சும்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கரியைத்தான் இரும்போடு துளி சேர்த்து எஃகு ஆக்குகிறோம். எலுமிச்சம்பழம் அடுக்கிய கூடையில் இடுக்குகளில் சுண்டைக்காய் போட்டதுபோல, இரும்பு அணுக்களுக்கு இடையில் கார்பன் போய் உட்கார்ந்துகொள்கிறது. அடுக்குகள் முன்போல லேசாக வழுக்க முடியாது, இரும்பு இறுகுகிறது. பாத்திரத் தகட்டில் இந்தக் கார்பன் 0.08 சதவீதத்தைத் தாண்டாது, ஏனென்றால் அதை வளைத்துக் குடமாக்க வேண்டுமே.

எஃகு என்ற சொல்லே அழகானது, பழையது. 759ஆம் குறளில் "எஃகதனிற் கூரிய தில்" என்று வருகிறது. பகைவர் செருக்கை அறுக்கப் பொருளைவிடக் கூரிய ஆயுதம் இல்லை என்பது கருத்து. அங்கே எஃகு என்றால் ஆயுதம். கூர்மை அதன் உயிர். ஆயுதத்தின் பெயர் ஆயுதம் செய்யும் உலோகத்துக்கும் ஆகியது. உருக்கு என்ற சொல்லும் உண்டு, அது செய்முறையிலிருந்து வந்தது: உருக்கி எடுப்பது உருக்கு. பாடப்புத்தகத்தில் எஃகு, சேலத்தில் உருக்காலை, இலங்கைத் தமிழர் வழக்கிலும் உருக்கு. இரண்டும் நம் சொற்களே, சண்டை வேண்டியதில்லை.

இப்போது முழுச்சொல்லுக்கு வருவோம். பாடநூல் தரும் ஈடு துருப்பிடிக்கா எஃகு. ஸ்டெயின் என்றால் கறை, ஆகவே கறைபடா எஃகுதான் சரி என்பார் சிலர். இங்கே ஒரு கதை இருக்கிறது. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய் தேய்மானத்துக்கு வழி தேடும்போது, சுமார் 12.8 சதவீதம் குரோமியம் கலந்த எஃகு அமிலத்துக்கு அசையாமல் இருப்பதைக் கண்டார். அவர் வைத்த பெயர் 'துருவற்ற எஃகு' என்று பொருள்படுவது. அதில் கத்தி செய்து பார்த்த எர்னஸ்ட் ஸ்டூவர்ட் வினிகரில் போட்டும் கறைபடவில்லை என்று கண்டு, 'கறையற்ற' என்பதே விற்கும் பெயர் என்றார். உலகம் வியாபாரி சொன்னதைப் பிடித்துக்கொண்டது. தமிழ்ப் பாடநூல், தெரிந்தோ தெரியாமலோ, கண்டுபிடித்தவர் வைத்த பெயருக்கே திரும்பியிருக்கிறது. எனக்கும் அதுதான் பிடித்தம். கறை, தேய்த்தால் போவது. துரு, இரும்பையே தின்பது. இந்த எஃகு தப்பிப்பது இரண்டாவதிலிருந்து.

தப்பிப்பதும் ஒரு தந்திரத்தால்தான். இரும்பை முந்திக்கொண்டு குரோமியம் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு தோல் ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. கீறினாலும் அந்தத் தோல் மறுபடி மூடிவிடும். உப்புக்கு மட்டும் அது பயப்படும். உப்புக்கரைசலை நாள்கணக்கில் விட்டால் குளோரைடு தோலைத் துளைத்து ஊசிமுனைக் குழி போடும். ஊறுகாய்க்கு ஜாடி வைத்த பாட்டிகள் வேதியியல் படிக்கவில்லை, அவ்வளவுதான். ஆக 'எவர்' என்பதும் கொஞ்சம் மிகை.

குரோமியம் என்ற பேர் பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்குப் புதிதல்ல. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை நெடுகத் தோல் பதனிடுவதற்குப் போடும் 'குரோம்' இதே உலோகத்தின் உப்பு. பதனிட்ட ஈரத்தோல் நீலமாக வரும், தொழிலில் 'வெட் ப்ளூ' என்பார்கள். கிரேக்க மொழியில் குரோமா என்றால் நிறம். சேர்மத்துக்குச் சேர்மம் நிறம் மாறுவதால் வைத்த பெயர். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் ஒரு ரசாயன ஆலையில் லட்சம் டன்னுக்கு மேல் குவிந்த கழிவில் இருப்பது இதன் நச்சு வடிவம், ஆறு இணைதிறன் கொண்டது. தோல் பதனிடுவது மூன்று இணைதிறன் கொண்டது. தட்டில் இருப்பதோ உலோகமாகவே கலந்து கிடக்கிறது. ஒரே பேர் என்பதற்காகத் தட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். சில்வர் பாத்திரத்தில் பால் அடிப்பிடிக்கிறதே, அதற்கும் கலப்புதான் காரணம். ஓடும் எலக்ட்ரான்களை வேற்று அணுக்கள் வழியெங்கும் தடுக்கின்றன. செம்பு கடத்தும் வெப்பத்தில் ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒரு பங்குதான் இது கடத்தும். அடியில் செம்பு பூசி விற்பது அதனால்தான்.

கடைக்குத் திரும்புவோம். கடைக்காரர் காந்தத்தை எடுத்துக் குடத்தின் வயிற்றில் வைத்தார். ஒட்டவில்லை. "பார்த்தீங்களா, அசல்." நிக்கல் சேர்ந்த வகையில் காந்தம் ஒட்டாது என்பது உண்மை. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவு வகையிலும் ஒட்டாது, அதை அவர் சொல்லவில்லை. பையன் காந்தத்தை வாங்கிக் குடத்தின் விளிம்பில் வைத்தான். மெல்ல ஒட்டியது. கடைக்காரர் முகம் மாறிவிட்டது, பாவம். அவர்மேல் தப்பில்லை. குளிர்நிலையில் அழுத்தி மடிக்கும்போது அந்த இடத்தில் அணுக்களின் அடுக்கு மாறி லேசாகக் காந்தத்தன்மை வரும். நான் இதை விளக்கி முடிப்பதற்குள் அவர் காந்தத்தை வாங்கி மேஜை டிராயரில் போட்டு மூடிவிட்டார்.

அடியில் அக்கா மகளின் பேர் வெட்டச் சொன்னோம். பில்லை வாங்கிப் பார்த்தால் சில்வரும் இல்லை, எவர்சில்வரும் இல்லை, துருப்பிடிக்கா எஃகும் இல்லை. 'எஸ்.எஸ். குடம் 1' என்றிருந்தது.