பிடி கத்தரிக்காய் கடைக்கு வராத கதை

பெங்களூரு அல்சூர் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பளபளவென்று, புழு ஓட்டை ஒன்றுகூட இல்லாமல் குவிந்திருந்தால், "இது பிடி காயாண்ணா?" என்று தமிழில் கேட்கும் அக்காக்கள் இப்போதும் உண்டு. கடைக்காரர் கவலைப்பட வேண்டியதில்லை. புழுவைக் கொல்லும்படி மரபணு மாற்றிய பிடி (Bt) கத்தரியைப் பயிரிட இந்தியாவில் அனுமதியே இல்லை. 2019-ல் ஹரியானாவில் திருட்டுத்தனமாகப் பயிரிட்டது சிக்கியது, அது வேறு கதை. வராத காய்க்கே இவ்வளவு சந்தேகம். விதைக் கம்பெனிகளின் கணக்கில் இந்தச் சந்தேகமும் ஒரு செலவுதான்.

முதலில் அறிவியல். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாக பிடி) என்ற மண் பாக்டீரியாவிலிருந்து ஒரு மரபணுவை எடுத்துச் செடிக்குள் சேர்க்கிறார்கள். செடி தானே 'கிரை' என்ற புரதத்தைத் தயாரிக்கும். அதைத் தின்னும் புழுவின் குடல் காரத்தன்மை கொண்டது. புரதம் அங்கே கரைந்து, குடல் சுவரிலுள்ள ஏற்பிகளில் ஒட்டித் துளை போடுகிறது; புழு தின்பதை நிறுத்திச் சாகிறது. நம் வயிறு அமிலத்தன்மை கொண்டது, அந்த ஏற்பிகளும் நமக்கு இல்லை.

ஆய்வகத்தில் செடி தயாரானதும் கோப்பு கிளம்புகிறது. 1986-ம் வருடச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989-ல் வந்த விதிகள்தான் இன்றும் அடிப்படை. கம்பெனிக்குள்ளேயே ஓர் உயிரிப் பாதுகாப்புக் குழு, அப்புறம் உயிரித் தொழில்நுட்பத் துறையின் குழு, கடைசியில் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவான ஜி.இ.ஏ.சி. நடுவே பல பருவங்களுக்கு வயல் சோதனை. 2011-லிருந்து, சோதனை நடக்கும் மாநிலத்தின் தடையில்லாச் சான்றும் வேண்டும். டெல்லியில் விஞ்ஞானிகளைச் சமாதானப்படுத்தினால் போதாது, விவசாயிகளின் ஓட்டை நினைக்கும் மாநில அரசும் சரி என்று சொல்ல வேண்டும்.

இந்த எதிர்ப்பின் வரலாற்றில் கர்நாடகத்துக்குத் தனி இடம் உண்டு. 1998 நவம்பரில் பேராசிரியர் நஞ்சுண்டசாமி தலைமையிலான கர்நாடக ராஜ்ய ரைத்த சங்கம் என்ற விவசாயிகள் அமைப்பு, ராய்ச்சூர்ப் பக்கம் சோதனைப் பருத்தி வயல்களைப் பிடுங்கி எரித்தது. ஆனாலும் 2002 மார்ச்சில் பிடி பருத்திக்கு அனுமதி கிடைத்தது. கத்தரிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2009 அக்டோபரில் ஜி.இ.ஏ.சி. பச்சைக்கொடி காட்டியும், அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டார். கடைசிக் கூட்டம் 2010 பிப்ரவரி 6-ல் பெங்களூருவில். மூன்றே நாளில் நிறுத்திவைப்பு உத்தரவு வந்தது. கோவை, தார்வாடு வேளாண் பல்கலைக்கழகங்கள் அதே மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய ரகங்களும் அதோடு முடங்கின. விவசாயி விதையை எடுத்துவைத்து மறுபடி விதைக்கக்கூடிய ரகங்கள் அவை. எதிர்ப்பு ஒரு கம்பெனி மேல், அடி பொதுத்துறை மேலும் விழுந்தது. வங்கதேசம் 2013-ல் அதே கத்தரிக்கு அனுமதி கொடுத்தது.

மக்கள் சும்மா பயந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. பாதுகாப்புச் சோதனைகளை நடத்துவதும், அறிக்கை கொடுப்பதும் பெரும்பாலும் விண்ணப்பித்த கம்பெனிதான். கத்தரியின் சோதனைத் தரவுகள் வெளியே வர, தகவல் ஆணையம், உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. பருத்தியிலும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பிடி புரதங்களை வென்றுவிட்டது.

பணம் எங்கே அடிபடுகிறது? தாமதத்தில். வருமானம் இல்லாமல் பல வருடம் ஆய்வகத்தை ஓட்டச் சின்னக் கம்பெனிக்குத் தெம்பு இல்லை. பெங்களூருவில் 2000-ல் தொடங்கிய மெட்டாஹெலிக்ஸ், தானே உருவாக்கிய பிடி பருத்திக்கு 2009-ல் அனுமதி வாங்கியது. 2010 முடிவதற்குள் டாட்டா குழுமத்தின் ரேலிஸ் கைக்குப் போனது. அனுமதி கிடைத்தாலும் விலை கம்பெனியின் கையில் இல்லை. 2016-ல் மத்திய அரசு 450 கிராம் பருத்தி விதைப் பாக்கெட்டுக்கு 800 ரூபாய் உச்சவரம்பு வைத்தது, அதில் மரபணுவின் உரிமையாளருக்கு விதைக் கம்பெனி கொடுக்கும் கட்டணம் 49 ரூபாய். 2020-ல் அதுவும் பூஜ்யம். 2016-லேயே அமெரிக்க விதைக் கம்பெனி மான்சான்டோவின் அடுத்த தலைமுறைப் பருத்திக்கான விண்ணப்பத்தை அதன் இந்தியக் கூட்டாளி மஹிகோ திரும்பப் பெற்றது. களைக்கொல்லியைத் தாங்கும் அந்த வகை விதைக்கு ஆசைப்பட்ட விவசாயிகள் கள்ளச் சந்தைக்குப் போனார்கள். 2019-ல் மகாராஷ்டிரத்தின் அகோலா மாவட்டத்தில் பகிரங்கமாகவே விதைத்தார்கள். என்னைக் கேட்டால், இதுதான் மோசமான முடிவு: சோதனையும் இல்லை, பில்லும் இல்லை, முளைக்காவிட்டால் கேட்க ஆளும் இல்லை.

டெல்லிப் பல்கலைக்கழகம் உருவாக்கிய டி.எம்.ஹெச்-11 என்ற மரபணு மாற்றக் கடுகுக்கு 2022 அக்டோபரில் கிடைத்த ஒப்புதலும் உச்ச நீதிமன்றத்தில் சிக்கியது. 2024 ஜூலையில் இரு நீதிபதிகளும் வேறு வேறு தீர்ப்புச் சொன்னார்கள். இதையெல்லாம் பார்த்த ஆய்வகங்கள் மரபணுத் திருத்தம் பக்கம் திரும்பியதில் ஆச்சரியம் இல்லை. செடியின் சொந்த டி.என்.ஏ.வில் சில எழுத்துகளை மட்டும் மாற்றி, வெளி டி.என்.ஏ. எதுவும் மிஞ்சாமல் பார்த்துக்கொண்டால், 1989 விதிகளின் பெரும்பகுதி பொருந்தாது என்று 2022 மார்ச்சில் அரசு அறிவித்தது. 2025 மே மாதம் அப்படி உருவான இரண்டு நெல் ரகங்கள் டெல்லியில் அறிமுகமாயின. வெளி டி.என்.ஏ. இல்லை என்ற சான்றை முதலில் பரிசீலிப்பது உருவாக்கிய நிறுவனத்தின் சொந்தக் குழு. அரசு நியமித்த ஒருவர் அதில் இருப்பார். ஏழு நகரங்களுக்குப் போய்க் கருத்துக் கேட்கும் கட்டம் இந்த வழியில் கிடையாது.