வாழ்வூதியம்: ஒரு சொல் விளக்கம்

ஒரு குடும்பம் நெருக்கடியின்றி வாழ எவ்வளவு ஈட்ட வேண்டும் என்ற கேள்விக்குப் பொருளியலாரும் தொழிலாளர் சட்ட அறிஞர்களும் தரும் விடைக்கு 'லிவிங் வேஜ்' என்று பெயர். இதைத் தமிழில் வாழ்க்கைக் கூலி, வாழ்க்கைச் சம்பளம், வாழ்தகு ஊதியம், வாழ்வூதியம் என்று பலவாறாக எழுதுகிறோம். சில வேளைகளில் 'குறைந்தபட்ச ஊதியம்' என்றே மொழிபெயர்த்து விடுவதும் உண்டு. அது பிழை. குறைந்தபட்ச ஊதியம் என்பது அதற்குக் கீழே யாரும் கொடுக்கக் கூடாது என்று அரசு வகுக்கும் சட்ட வரம்பு; அந்தத் தொகையில் ஒரு குடும்பம் வாழ முடியுமா என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே சொல்லை வழங்கினால் அந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லாமல் போகும் என்பதால்தான் இந்தச் சொல்லைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுத நேர்கிறது.

'வேஜ்' என்ற சொல் பழைய வட பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குச் சென்றது. அதன் முதற்பொருள் பிணை, அதாவது ஒருவர் தம் வாக்குக்கு ஈடாக வைக்கும் பொருள். செய்த வேலைக்குத் தருவதாக ஒப்புக்கொண்ட தொகை என்ற பொருள் பின்னர் வந்தது. தமிழில் 'ஊதியம்' நடந்து வந்த பாதை இதனினும் சுவையானது. 'முதலிலார்க்கு ஊதியம் இல்லை' என்று வள்ளுவர் சொல்லும்போது அச்சொல்லுக்கு இலாபம் என்றே பொருள். முதல் போடாதவருக்கு ஆதாயம் இல்லை என்பது கருத்து. ஈகையோடும் புகழோடும் வாழ்வதைத் தவிர உயிர்க்கு 'ஊதியம்' வேறில்லை என்னும் குறளிலும் அது பயன், பேறு என்ற பொருளையே தருகிறது. உழைப்புக்குக் கிடைக்கும் கைம்மாறு என்ற பொருளில் அவர் ஆள்வது 'மெய்வருத்தக் கூலி' என்ற தொடரில் வரும் 'கூலி' என்ற சொல்லை. இன்று கூலி அன்றாட உடலுழைப்புக்கும், சம்பளம் மாத வேலைக்கும் ஒதுங்கிவிட்டன. இருவகை உழைப்பையும் ஏற்றத்தாழ்வில்லாமல் குறிக்கும் பொதுச்சொல்லாக ஊதியம் நிலைபெற்றுள்ளது. ஆகவே 'வேஜ்' என்பதற்கு ஊதியமே பொருந்தும்.

இனி 'லிவிங்' என்ற முன்பகுதி. இதைப் 'பிழைப்பூதியம்' என்று சொல்லலாமா என்றால், கூடாது என்பேன். 'ஏதோ பிழைப்பு ஓடுகிறது' என்று ஒருவர் சொன்னால் அவர் சாகாமல் இருக்கிறார், நன்றாக இல்லை என்று நாம் புரிந்துகொள்கிறோம். பிழைத்தல் என்பது இடரிலிருந்து தப்புதல். பேரிடரில் உயிர் தப்பியவரையும் நோயிலிருந்து மீண்டவரையும் 'பிழைத்தார்' என்றே சொல்கிறோம். வாழ்தல் அப்படிப்பட்டதன்று. செல்வத்தோடு இருந்து நொடித்துப்போனவரை 'வாழ்ந்து கெட்டவர்' என்கிறோம்; அவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார், ஆனாலும் அவருடைய வாழ்தல் முடிந்துவிட்டதாக மொழி கருதுகிறது. 'வாழ்க' என்று வாழ்த்துவதும், 'வாழ்வாங்கு வாழ்தல்' என்று சொல்வதும் வெறும் உயிர்ப்பைக் குறிப்பன அல்ல. நலமும் நிறைவும் மதிப்பும் வாழ்வு என்ற சொல்லின் உள்ளேயே இருக்கின்றன. ஓய்வு, ஊதியம் என்ற இரண்டும் சேர்ந்து 'ஓய்வூதியம்' ஆனதைப் போலவே வாழ்வும் ஊதியமும் புணர்ந்து 'வாழ்வூதியம்' ஆகின்றன. பழகிய வடிவத்தில் அமைந்த சொல் என்பதால் விளக்கம் இல்லாமலே எவருக்கும் புரியும்.

பிழைப்புக்கும் வாழ்வுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை வரலாற்றிலும் காணலாம். 1899இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் தொழிலாளர் குடும்பங்களைக் கணக்கெடுத்த சீபோம் ரவுண்ட்ரீ, உடல் வலிமையை மட்டும் காத்துக்கொள்ளத் தேவையான தொகையை வறுமைக் கோடாக வகுத்தார். அந்தக் கணக்கின்படி வாழும் குடும்பம் தொடர்வண்டியில் ஏறவோ செய்தித்தாள் வாங்கவோ ஒரு காசும் செலவிட முடியாது என்பதை அவரே எடுத்துரைத்தார். அது பிழைப்பின் அளவு. 1907இல் ஆஸ்திரேலியாவின் கூட்டாட்சி நடுவர் நீதிமன்றத்தில், அறுவடை இயந்திரத் தொழிற்சாலை ஒன்றைப் பற்றிய வழக்கில் நீதிபதி ஹிக்கின்ஸ் வேறோர் அளவுகோலை எடுத்தார். நாகரிகச் சமூகத்தில் வாழும் மனிதர் என்ற முறையில் சராசரித் தொழிலாளிக்கு உள்ள இயல்பான தேவைகள் எவை என்று கேட்டு, ஏறத்தாழ ஐந்து பேர் கொண்ட குடும்பத்தைக் கருத்தில் கொண்டு, தொழிற்பயிற்சி இல்லாத தொழிலாளிக்கு நாளொன்றுக்கு ஏழு ஷில்லிங் என்று முடிவு செய்தார். அவர் கையாண்ட தொடரைத் தமிழில் 'சிக்கனமான வசதி' எனலாம்.

இங்கே வரும் 'வசதி' என்ற சொல்லையும் பார்த்துவிட வேண்டும். வடமொழியில் 'வசதி' என்பதற்கு வசிக்குமிடம், உறைவிடம் என்று பொருள். தமிழில் அது ஏந்து, சௌகரியம் என்று விரிந்து, 'வசதியான குடும்பம்' என்னும்போது செல்வநிலையையே குறிக்கத் தொடங்கிவிட்டது. இதனால் 'வசதியாக வாழ எவ்வளவு வேண்டும்' என்று கேட்டால், பிறரைவிட மிகுதியாக வைத்திருக்க எவ்வளவு வேண்டும் என்று சிலர் கேட்டுக்கொள்கிறார்கள். வாழ்வூதியம் குறிக்கும் வசதி ஆடம்பரத்துக்கு மிகவும் இப்பால் நிற்பது: சத்தான உணவு, தகுந்த வீடு, மருத்துவம், பிள்ளைகளின் கல்வி, உடை, போக்குவரத்து, எதிர்பாராத செலவுக்கு ஒரு சிறு சேமிப்பு ஆகியவற்றைக் கடன் வாங்காமல் ஈடுகட்ட முடிவதே அது.

1919இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் சாசன முன்னுரையிலேயே இக்கருத்து இடம்பெற்றது. 1948இன் உலக மனித உரிமைப் பேரறிவிப்பின் 23ஆம் உறுப்பு, உழைப்பவருக்கும் அவர் குடும்பத்துக்கும் மனித மாண்புக்கேற்ற வாழ்வை உறுதி செய்யும் ஊதியம் உரிமை என்றது. இந்திய அரசமைப்பின் 43ஆம் உறுப்பும் இதை அரசு அடைய முயல வேண்டிய இலக்காக வைத்துள்ளது. ஆயினும் எல்லோரும் ஒப்புக்கொண்ட வரையறை ஒன்றைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஏற்றது 2024இல்தான். நாட்டின் சூழலைக் கருத்தில் கொண்டு, வழக்கமான வேலை நேரத்தில் செய்யும் வேலைக்கு, தொழிலாளரும் அவர் குடும்பமும் கண்ணியமான வாழ்க்கைத் தரத்தில் வாழத் தேவைப்படும் ஊதிய அளவு என்பது அதன் சாரம். 'வழக்கமான வேலை நேரம்' என்ற தொடர் இதில் மிக முதன்மையானது. மிகைநேரம் உழைத்தால்தான் குடும்பம் நிமிரும் என்றால், அந்தத் தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வாழ்வூதியம் ஆகாது.

கணக்கிடும் முறை கடினமானதன்று. ரிச்சர்ட் ஆங்கர், மார்த்தா ஆங்கர் ஆகிய இருவரும் வகுத்து இன்று பரவலாகக் கையாளப்படும் முறையில், உணவு, வீடு, பிற இன்றியமையாச் செலவுகள் ஆகியவற்றைக் கூட்டி, எதிர்பாராத செலவுக்குச் சிறிது சேர்த்து, அந்தக் குடும்பத்தில் வேலை செய்வோரின் எண்ணிக்கையை முழுநேர வேலைக்கு ஈடாக மாற்றி, அதனால் வகுக்கிறார்கள். அந்த எண் பெரும்பாலும் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் அமையும். இரு பெற்றோரும் எப்போதும் முழுநேரம் உழைக்க முடியும் என்று கொள்வது குழந்தை வளர்ப்பும் முதியோர் பராமரிப்பும் உழைப்பே இல்லை என்று சொல்வதாகிவிடும். குடும்பத்தின் அளவும் கணக்கில் வரும். ஆனால் ஆளுக்கு ஆள் செலவு அதே விகிதத்தில் கூடுவதில்லை, ஏனெனில் கூரையும் அடுப்பும் விளக்கும் எல்லோருக்கும் பொது. ஐரோப்பியப் புள்ளியியல் துறையினர் கையாளும் அளவுகோலில் முதல் பெரியவருக்கு 1, அடுத்துவரும் 14 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் 0.5, அதற்குக் கீழ்ப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 0.3 என்று எண்ணுகிறார்கள். தனியாள் ஒருவர் ஒரு தரத்தில் வாழ 100 பங்கு வேண்டுமானால், அதே தரத்தில் பெற்றோரும் இரு சிறு குழந்தைகளும் வாழ 210 பங்கு போதும்.

ஊதியம் என்பது இன்னொருவர் தருவது. நிலத்தை நம்பியோ சிறுதொழிலை நம்பியோ வாழும் குடும்பத்துக்கு அதைத் தருபவர் யாருமில்லை. அவர்களுடைய தேவையைக் குறிக்க 'லிவிங் இன்கம்' என்ற வேறொரு கலைச்சொல் வழங்குகிறது. அதை 'வாழ்வு வருமானம்' என்று எழுதலாம். வருமானம் என்பது 'வரு' என்ற வினையடியில் பிறந்தது. பெறுமானம், கட்டுமானம், சேர்மானம் ஆகியவற்றில் வரும் அதே ஈறுதான் இதிலும் உள்ளது. இதற்கு வள்ளுவர் ஆளும் சொல் 'ஆகாறு', பொருள் வரும் வழி. அதன் இணை 'போகாறு', பொருள் போகும் வழி. வருவழி சிறிதானாலும் போகும் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்பது அவர் கூற்று. பொருள் நேர்த்தியுள்ள இணைதான். எனினும் பொதுவழக்கில் வருமானம் வேரூன்றிவிட்டதால் கலைச்சொல்லுக்கு அதையே கொள்வது நல்லது. வாழ்வூதியம் ஒரு தொழிலாளரின் பெயரில் கணக்கிடப்படுவது. வாழ்வு வருமானம் ஒரு குடும்பத்தின் பெயரில், தொழிற்செலவு போக ஆண்டு முழுவதும் மிஞ்சுவதை வைத்துக் கணக்கிடப்படுவது.

வழக்கில் நேரும் ஒரு குழப்பத்தையும் குறிப்பிட வேண்டும். வாழ்வூதியத்தை நிகரம், மொத்தம் என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். குடும்பத்தின் செலவுகளிலிருந்து கணக்கிட்டு வருவது நிகர வாழ்வூதியம், அதாவது கைக்கு வந்து சேர வேண்டிய தொகை. அதனோடு வரியும் கட்டாயப் பிடித்தங்களும் சேர்ந்தது மொத்த வாழ்வூதியம். வேலைக்கான ஒப்பந்தத்தில் எழுதப்படும் தொகை பெரும்பாலும் மொத்தத் தொகையாக இருப்பதால், அதை நிகர வாழ்வூதியத்தோடு நேரே ஒப்பிட்டால் ஊதியம் உள்ளதைவிடப் போதுமானதாகத் தோன்றும். மொத்தத்தை மொத்தத்தோடும் நிகரத்தை நிகரத்தோடும் ஒப்பிட வேண்டும்.