என்ஹான்சர்: தமிழில் 'மிகுப்பி'

ஒரு மரபணுவின் படியெடுப்பை, அதாவது அதிலிருந்து ஆர்என்ஏ நகல் உருவாவதை, கூட்டும் டிஎன்ஏ துண்டுதான் என்ஹான்சர். நீளம் பெரும்பாலும் சில நூறு காரஇணைகள் (டிஎன்ஏவின் இரு இழைகளிலும் எதிரெதிரே இணையும் எழுத்துச் சோடிகள்). படியெடுப்புக் காரணிகள் என்னும் புரதங்கள் வந்து ஒட்டுவதற்கான இடம் இது. தன்னளவில் எந்தப் புரதத்துக்கும் குறிமொழி தராது.

வேர் இலத்தீனில் 'உயரமான' என்று பொருள்படும் 'ஆல்டுஸ்'. பழைய பிரெஞ்சு வழியாக 'உயர்த்து' என்னும் வினையாக ஆங்கிலத்துக்குப் போனது. இப்படிப்பட்ட டிஎன்ஏ துண்டைக் குறிக்க மரபியலில் இச்சொல் வந்தது 1981இல். பானர்ஜி, ருஸ்கோனி, ஷாஃப்னர் மூவரும் எஸ்வி40 வைரஸின் 72 காரஇணைத் தொடர் அடங்கிய துண்டை முயலின் பீட்டா குளோபின் மரபணுவோடு சேர்த்தார்கள். படியெடுப்பு சுமார் 200 மடங்கு ஏறியது. துண்டைத் தலைகீழாகத் திருப்பினாலும், மரபணுவுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாலும் வேலை நடந்தது. திசையும் தூரமும் தடையில்லை என்பதே இதன் அடையாளம். மரபணுவின் தொடக்கத்தை ஒட்டியே இருக்க வேண்டிய, படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் புரோமோட்டரிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவதும் அதுதான்.

தமிழில் 'மேம்படுத்தி' என்று எழுதுவோர் உண்டு. ஆனால் இங்கே தரம் உயர்வதில்லை, அளவுதான் கூடுகிறது. 'ஊக்கி' வினையூக்கியை நினைவூட்டும். 'பெருக்கி' என்றால் மரபணுவே பல படிகளாகப் பெருகுவதாகத் தோன்றும். அது வேறு நிகழ்வு. மிகுத்தல் என்ற வினையிலிருந்து வரும் 'மிகுப்பி' இந்தக் குழப்பங்களுக்கு இடம் தராது. அதையே பரிந்துரைக்கிறோம்.

கருவளர்ச்சியில் மிகுப்பியின் நுட்பத்தைப் பழ ஈயில் தெளிவாகப் பார்க்கலாம். 'ஈவன் ஸ்கிப்டு' மரபணு கருவில் ஏழு பட்டைகளாக வெளிப்படும். இரண்டாம் பட்டைக்கென்றே சுமார் 480 காரஇணை நீளத்தில் ஒரு மிகுப்பி இருக்கிறது. பைகாய்டு, ஹன்ச்பேக் புரதங்கள் அதில் ஒட்டிப் படியெடுப்பைத் தூண்டுகின்றன. ஜயன்ட் புரதம் முன் எல்லையையும் க்ரூப்பல் புரதம் பின் எல்லையையும் அடக்கி நிறுத்துகின்றன. ஜயன்ட் ஒட்டும் இடங்களைச் சிதைத்தால் பட்டை முன்பக்கமாகப் பரவிவிடும். ஆக, மிகுப்பி வெறும் கூட்டும் கருவி அல்ல. எங்கே கூட்டக்கூடாது என்பதும் அதே துண்டில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

மனிதரில் கைகால் உருவாக்கத்துக்கான 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்' மரபணுவின் மிகுப்பி, ஏறத்தாழ 10 லட்சம் காரஇணை தள்ளி, வேறொரு மரபணுவின் இன்ட்ரானுக்குள் (புரதக் குறிமொழி இல்லாத இடைப்பகுதிக்குள்) கிடக்கிறது. அதில் ஓர் எழுத்து மாறினாலே கட்டைவிரல் பக்கம் கூடுதல் விரல் முளைக்கலாம்.

ஒரு துண்டு மிகுப்பிதானா என்று சோதிக்க, அதனுடன் குறும் புரோமோட்டரையும் ஒளிரும் புரத மரபணுவையும் இணைத்துக் கருவில் செலுத்துவார்கள்; ஒளிரும் திசுவே விடை. மரபணுத்தொகுதியில் துண்டு போய் அமரும் இடத்தின் அருகே வேறொரு மிகுப்பி இருந்தால் முடிவு பிழைக்கும். அதனால் தனித்தனியாகச் செலுத்திய பல கருக்களை ஒப்பிட்டே முடிவுசெய்ய வேண்டும். மிகுப்பியை நீக்கியும் மாற்றம் தெரியவில்லையா? உடனே பயனற்றது என ஒதுக்கிவிடக் கூடாது; அதே வேலையைச் செய்யும் 'நிழல் மிகுப்பி' இன்னொன்று அந்த மரபணுவுக்கு இருக்கக்கூடும்.