நிலைமமா, சடத்துவமா?

வாயேஜர் 1 விண்கலத்தைப் பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரை ஒன்றைப் போன வாரம் திருத்த நேர்ந்தது. ‘விண்கலம் தன் மந்தநிலை காரணமாகத் தொடர்ந்து பயணிக்கிறது’ என்று அதில் ஒரு வரி. நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கும் ஒன்றுக்கு மந்தமாம்! செய்தித்தாள் தமிழில் மந்தநிலை என்றால் பொருளாதாரம் படுத்துவிட்டது என்று பொருள். ஆனால் மொழிபெயர்த்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மூலத்தில் இருந்த ஆங்கிலச் சொல் இனெர்ஷியா: வெளியிலிருந்து எதுவும் மாற்றாதவரை ஒரு பொருள் இருந்தபடியே இருக்கும் குணம். தமிழில் அதைத்தான் நிலைமம் என்றும் சடத்துவம் என்றும் சொல்கிறார்கள். ஆனால் அகராதியில் தேடினால் மந்தம், சோம்பல், செயலின்மை என்றுதான் வரிசையாக வரும். அவையும் பொய்யில்லை. அந்தச் சொல் பிறந்ததே அங்கேதான்.

இலத்தீனில் ‘ஆர்ஸ்’ என்றால் கலை, கைத்திறன். அதன் முன்னால் இன்மையைக் குறிக்கும் ஒட்டுச் சேர்ந்து ‘இனெர்ஸ்’ ஆகும்போது, கைத்தொழில் தெரியாதவன், ஒன்றுக்கும் உதவாதவன், அப்படியே நீண்டு சோம்பேறி என்று பொருள் தரும். அந்தக் குணத்துக்குப் பெயர் இனெர்ஷியா. குறளில் ‘மடி’ என்று வருகிறதே, கிட்டத்தட்ட அது.

இந்த வசைச்சொல்லை இயற்பியலுக்குள் கொண்டுவந்தவர் வானியலாளர் யோகான்னஸ் கெப்ளர். கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று 1609இல் சொன்ன அதே கெப்ளர்தான். எப்படிச் சுற்றுகின்றன என்பதைக் கண்டுபிடித்தாகிவிட்டது. ஏன் சுற்றுகின்றன என்ற கேள்விக்கும் அவர் ஒரு விடை வைத்திருந்தார். சூரியன் தானும் சுழன்றபடி, தன்னிடமிருந்து பரவும் ஒருவித விசையால் கோள்களைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கிறது. கோளோ வெறும் பருப்பொருள். அதற்கு நகர மனமில்லை, தள்ளுவது நின்றால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடும். அந்த மறுப்பைத்தான் அவர் இனெர்ஷியா என்றார். சூரியன் தள்ள, கோள் முரண்டுபிடிக்க, இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் அமைகிறது. தொலைவு கூடினால் தள்ளல் தளரும் என்பதால், தூரத்துக் கோள் மெல்லப் போவதற்கும் இதில் காரணம் கிடைத்தது.

விளக்கம் தவறு. ஆனாலும் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. தரையில் வாழும் எவருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். எதையும் தள்ளினால் போகும், விட்டால் நிற்கும்.

தேர் ஓடும் தெருவில் வளர்ந்தவர்களுக்கு மட்டும் இதன் மறுபாதியும் தெரிந்திருக்கும். திருவாரூர் ஆழித்தேர் சுமார் 300 டன் என்பார்கள். அவ்வளவு வேண்டாம், சின்ன ஊர்த் தேரே போதும். வடத்தில் இருநூறு பேர் தொங்கினாலும் முதலில் அசையாது. பின்சக்கரத்துக்குத் தடி போட்டு நெம்ப வேண்டும். ஒரு முனகல், ஒரு குலுக்கல், பிறகு கிளம்பும். கிளம்பிய பிறகு கவனிக்க வேண்டியது முன்சக்கரத்தின் பக்கத்தில் குனிந்தபடியே நடந்து வருபவரை. அவர் கையில் இருப்பது முட்டுக்கட்டை. வடத்தைத் தளர்த்திய பிறகும் தேர் உருண்டுகொண்டுதான் இருக்கும். அவர் கட்டையைச் சக்கரத்தடியில் செருகுவார். சக்கரம் அதன்மேல் ஏறி நசுக்கும், மரம் சிம்பு சிம்பாகத் தெறிக்கும், மேலே கலசம் ஒருமுறை முன்னால் சாய்ந்து திரும்பும். அப்போதுதான் நிற்கும். (நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறான் என்று திட்டுகிறோம். அந்த மனிதர் இல்லாவிட்டால் தேர் யார் வீட்டுத் திண்ணையில் ஏறும் என்று சொல்ல முடியாது.)

கிளம்ப மறுப்பதும் நிற்க மறுப்பதும் ஒரே குணம். தரையில் உராய்வு குறுக்கே வந்து குழப்புவதால் முதல் பாதி பெரிதாகத் தெரிகிறது, இரண்டாவது மறைந்துவிடுகிறது. கெப்ளர் முதல் பாதிக்குப் பெயர் வைத்துவிட்டுப் போனார். இரண்டாவது பாதியைக் கலிலியோவும் பிரெஞ்சுத் தத்துவஞானி தெக்கார்த்தும் பிடித்தார்கள். 1687இல் நியூட்டன் இரண்டையும் சேர்த்து முதல் இயக்க விதியாக்கினார். பழைய சொல்லையே வைத்துக்கொண்டு உள்ளிருந்த பொருளை மாற்றிவிட்டார். அது அவருக்கே உறுத்தியிருக்க வேண்டும். பொருள்கள் ஓய்வை நாடும் கெப்ளரின் இனெர்ஷியாவை நான் சொல்லவில்லை, ஓய்வோ இயக்கமோ இருக்கும் நிலையிலேயே நீடிப்பதைச் சொல்கிறேன் என்று தன் நூலின் சொந்தப் பிரதியில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார்.

இனித் தமிழுக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பாடநூலில் நிலைமம். இலங்கைப் பாடநூலில் சடத்துவம். சடத்துவம் வடமொழியின் ‘ஜட’ என்பதிலிருந்து வந்தது. உணர்வற்றது, அசைவற்றது, மந்தமானது என்று அதற்குப் பொருள். இந்தி, தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாவற்றிலும் இதே ஜடத்துவம்தான். ஜெர்மன்காரர்களும் சோம்பல் என்ற சொல்லையே வைத்திருக்கிறார்கள். ஆக இவர்கள் அனைவரும் கெப்ளர் பக்கம்.

நிலைமம் அப்படியில்லை. தனி, தனிமம் ஆனதுபோல, சேர், சேர்மம் ஆனதுபோல, நிலை என்பதிலிருந்து நிலைமம். நிலை என்றால் நிற்பது மட்டுமா? ‘அவன் நிலை என்ன’ என்று கேட்டால் எப்படி இருக்கிறான் என்றுதானே கேட்கிறோம்? ஓடுவதும் ஒரு நிலை, கிடப்பதும் ஒரு நிலை. எந்த நிலையோ அதிலேயே நிலைப்பது நிலைமம். நியூட்டன் குறிப்பு எழுதித் தெளிவுபடுத்த வேண்டியிருந்ததைச் சொல்லே சொல்லிவிடுகிறது. என் கட்சி நிலைமம்தான்.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ‘சடம் எண்டால் தன்ர பாட்டில ஒண்டும் செய்யாதது. ஓட விட்டால் நிக்கவும் அதுக்குத் தெரியாது. பிறகென்ன பிழை?’ என்றார். அதுவும் சரியான வாதம்தான். எனக்கு உடனே பதில் வரவில்லை.

சொல் எதுவானாலும் வானத்தைப் பார்க்கும்போது அதன் வேலை தெரியும். நிலா ஒரு நொடியில் சுமார் 1 கிலோமீட்டர் நகர்கிறது. அதே நொடியில் பூமியின் ஈர்ப்பு அதைத் தன் பக்கம் இழுப்பது 1.4 மில்லிமீட்டர்கூட இல்லை, கிட்டத்தட்ட ஒரு கடுகளவு. நேராகப் போவது நிலைமத்தால், கடுகளவு விலகல் ஈர்ப்பால். அந்த விலகல்கள் சேர்ந்துதான் வட்டம். கெப்ளர் தேடிய தள்ளுகை எங்கும் தேவைப்படவில்லை.

செவ்வாய்க்கு இந்தியா அனுப்பிய மங்கள்யான் விண்கலமும் அப்படித்தான். 2013 டிசம்பர் 1 நள்ளிரவில் அதன் பெரிய எஞ்சின் ஏறத்தாழ 22 நிமிடம் எரிந்தது. பிறகு சுமார் 300 நாள் அது அணைந்தே கிடந்தது. போய்ச் சேர இரண்டு நாள் இருக்கும்போது 4 நொடி எரித்துச் சோதித்ததைத் தவிர. பாதையைத் திருத்தச் சிறிய உந்திகள் எப்போதாவது இயங்கின, சூரியனின் ஈர்ப்பு பாதையை வளைத்தது. ஆனால் போவதற்கென்று எதுவும் எரியவில்லை. 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் பிடியில் சிக்க வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. எஞ்சினை எதிர்த்திசையில் 24 நிமிடம் எரித்தார்கள். முட்டுக்கட்டை.

ஒரு எச்சரிக்கை. நிலைமம் விசை அல்ல. ‘நிலைம விசையால் போகிறது’ என்று எழுதினால் தப்பு. நியூட்டனே அதை ஒருவகை விசை என்று அழைத்ததால் வந்த வினை இது. எவ்வளவு நிலைமம் என்பதற்கு அளவு நிறை. இங்கேயும் கடல் தாண்டினால் கவனம் வேண்டும்: நம் நிறை இலங்கையில் திணிவு, நம் எடை அங்கே நிறை. விண்வெளி நிலையத்தில் 300 கிலோ பெட்டி மிதக்கும், எடை தெரியாது. ஆனால் அசைக்கப் போனால் முரண்டுபிடிக்கும், அசைந்துவிட்டால் நிறுத்துவதற்குள் விரலை நசுக்கிவிடும்.

அந்தக் கட்டுரை வரியை ‘எதுவும் தள்ளாமலேயே, தன் நிலைமத்தால் விண்கலம் போய்க்கொண்டிருக்கிறது’ என்று மாற்றி அனுப்பினேன். ‘நிலைமை என்பதில் எழுத்துப்பிழையா?’ என்று கேட்டுத் திரும்பி வந்தது.